பதினாலாம் கொக்கி

2024 அக்டோபரில் பிராக் நகர மன்றம், வழிகாட்டியின் பின்னால் கூட்டமாக மதுக்கடை மதுக்கடையாகப் போகும் சுற்றுகளை இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு மணி வரை தடை செய்தது.

அதனால் அந்தச் சுற்றுகள் சாயங்காலத்துக்கு நகர்ந்தன. அடுத்த ஆண்டு நவம்பரில் ஒரு வியாழக்கிழமை, நாலு மணிக்கு, ஜிஷ்கோவ் பகுதியில் ஒரு டிராம் நிறுத்தத்தில் பதினொரு பேர் வழிகாட்டிக்காக நின்றிருந்தார்கள். பத்துப் பேருக்கு முப்பது வயதுகூட இருக்காது. அவர்களில் ஒருவனுக்கு மறுவாரம் கல்யாணம் என்பதால் நண்பர்கள் தேனீ வேஷம் போட்டுவிட்டிருந்தார்கள். பதினோராவது ஆள் லிபுஷே. வயது அறுபத்து மூன்று. தபால் அலுவலகத்தில் வெளிநாட்டுப் பார்சல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். சாம்பல் நிறக் கோட்டும், அதற்குப் பொருந்தாத பெரிய கைப்பையும்.

வழிகாட்டி ஷார்க்கா சிவப்புக் குடையோடு வந்தாள். ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் காகிதப் பட்டை ஒட்டிப் பெயர் எழுதினாள். லிபுஷேயிடம் வந்தபோது ஆங்கிலத்தில் கேட்டாள்.

"உங்க பேரு?"

"லிசா."

"எந்த நாடு?"

"எஸ்தோனியா," என்றாள் லிபுஷே. இதை இரண்டு நாள் யோசித்து வைத்திருந்தாள். ஜெர்மனி என்றால் யாராவது ஜெர்மனில் பேசிவிடுவார்கள். போலந்தும் ஆபத்து. எஸ்தோனிய மொழி தெரிந்தவர் எவரையும் அவள் வாழ்நாளில் சந்தித்ததில்லை.

அவள் பிறந்து வளர்ந்தது, மணம் முடித்தது எல்லாம் இந்த ஊரில்தான். நிறுத்தத்திலிருந்து நாலாவது தெருவில் 'இரண்டு ஆந்தைகள்' என்ற மதுக்கடை. அவள் கணவர் யாரோமீர் முப்பத்தொரு வருடம் வாரத்தில் ஐந்து நாள் ஐந்து மணிக்கு அங்கே போவார், ஒன்பதரைக்கு வீடு திரும்புவார். பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஷூ லேஸ் கட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. தகன நிலையத்தின் படிவத்தில் 'சடங்கு வேண்டாம்' என்ற கட்டத்தில் லிபுஷே குறியிட்டாள். இங்கே பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். இறப்பு அறிவிப்பும் அச்சடிக்கவில்லை. கடையிலிருந்து யாராவது தேடி வருவார்கள் என்று மட்டும் எதிர்பார்த்தாள். முப்பத்தொரு வருடப் பழக்கம், வராமலா இருப்பார்கள்? மார்ச் போயிற்று, கோடை போயிற்று. ஒருவரும் கதவைத் தட்டவில்லை.

யாரோமீர் வீட்டில் பேசமாட்டார். கோபமோ வெறுப்போ இல்லை. "சூப் நல்லாருக்கு" என்பார், "நாளைக்கு மழையாம்" என்பார், அத்தோடு சரி. ஒரு மனிதனுக்குள் இருக்கிற பேச்சு எங்கேயாவது வெளியே வந்துதானே ஆகவேண்டும்? அது அந்தக் கடையில்தான் செலவாகிறது என்று லிபுஷே முடிவுகட்டியிருந்தாள். அங்கே அவர் மேஜையைத் தட்டிக் கதை சொல்வதாகவும், எல்லாரும் சிரிப்பதாகவும் கற்பனை செய்து, எத்தனையோ மாலைகள் பொறாமையில் வெந்திருக்கிறாள். இப்போது அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். அவர் அங்கே என்ன பேசினார் என்று தெரிய வேண்டும்.

நேரே உள்ளே போய்க் கேட்க அவளால் முடியாது. 1996-இல் ஒருமுறை குளியலறைக் குழாய் வெடித்து, அவரைக் கூப்பிட அந்தக் கடை வாசல் வரை போனாள். உள்ளே இருந்த அத்தனை ஆண்களும் திரும்பிப் பார்த்தார்கள். யாரோமீர் காது வரை சிவந்து எழுந்து வந்தார். அதன் பிறகு மூன்று நாள் சூப்பைப் பற்றிக்கூடப் பேசவில்லை. அந்த வாசலை அவள் மறுபடி மிதித்ததில்லை. போன மாதம் டிராமில் கிடந்த ஒரு துண்டுப் பிரசுரத்தில், வெளிநாட்டவர்களுக்கான மதுக்கடைச் சுற்றில் மூன்றாவது நிறுத்தமாக 'இரண்டு ஆந்தைகள்' இருந்தது. வேடிக்கை பார்க்க வந்த வெளிநாட்டுக் கிழவியை யாரும் ஏனென்று கேட்கமாட்டார்கள்.

முதல் கடை ஒரு நிலவறை. இரைச்சலில் யார் பேசுவதும் யாருக்கும் கேட்கவில்லை. இரண்டாவதில் பகடை உருட்டித் தோற்றவர் ஒரு சிறு கோப்பை மூலிகை மதுவை ஒரே மடக்கில் குடிக்க வேண்டும் என்றார்கள். லிபுஷே தோற்றாள். தேனீ அவள் கோப்பையை வாங்கித் தானே குடித்துவிட்டு, "லிசா, நீங்க எங்க கட்சி!" என்று காதருகே கத்தினான். நல்ல பையன். அவள் தலையாட்டினாள். ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டபோது அவளையும் இழுத்து நடுவில் நிறுத்தினார்கள். இத்தனை பேர் ஒரே சமயத்தில் அவளைத் தொட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

ஆறரைக்கு 'இரண்டு ஆந்தைகள்' வந்தது.

உள்ளே கூரை பழைய சிகரெட் புகையில் பழுத்துப் பழுப்பாக இருந்தது. சுவரில் வரிசையாகக் கொக்கிகள், ஒவ்வொன்றுக்கும் எண், ஒவ்வொன்றிலும் வாடிக்கைக்காரர் ஒருவரின் சொந்தக் குவளை. பதினாலாம் எண்ணில் நீலக் கோடு போட்ட மண் குவளை தொங்கியது. யாரோமீரின் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு அவள் வாங்கிக் கொடுத்தது. மறுநாளே வீட்டிலிருந்து காணாமல் போனது.

கடைக்காரர் ஹினெக் கூட்டத்தைக் கண்ணால் அளந்துவிட்டுச் செக் மொழியில் கேட்டார். "ஷார்க்கா, பெரிய மேஜையில பத்துப் பேர்தான் உக்கார முடியும். இந்தப் பாட்டிய எங்க போடறது?"

"அதோ, லூபோஷ் பக்கத்துல ஒரு இடம் காலியா இருக்கே."

ஓரத்து மேஜையில் இரண்டு பேர் இருந்தார்கள். குழாய் வேலை பார்த்து ஓய்வு பெற்ற லூபோஷ், கனத்த ஆள். எதிரில் ஒல்லியாக, மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு விலேம்.

"அது யாரோமீர் இடம்," என்றார் லூபோஷ்.

"வந்தா எழுப்பிக்கலாம்யா. ஒம்பது மாசமா வராதவன் இன்னிக்குத்தான் வரப்போறானா?" என்றார் ஹினெக்.

லிபுஷே எதுவும் புரியாதவளைப் போல ஹினெக் காட்டிய இடத்தில் உட்கார்ந்தாள். முதுகுக்குப் பின்னால் அறையைச் சூடாக்கும் குழாய் சுட்டது. யாரோமீரின் கோட்டுகள் எல்லாவற்றிலும் முதுகில் ஒரே இடம் நிறம் வெளுத்திருக்கும். சலவைக்காரியைத்தான் அவள் இத்தனை வருடம் திட்டியிருந்தாள்.

பியர் வந்தது. லூபோஷ் தன் குவளையை உயர்த்தினார். அவள் அவர் கண்ணைப் பார்த்துத் தன் குவளையை அதில் இடித்தாள்.

"பாத்தியா, கண்ணைப் பாத்து இடிக்கறா. நல்ல எடத்துப் பொம்பளை," என்றார் லூபோஷ்.

"எந்த ஊராம்?"

"எஸ்தோனியாவாம். ஷார்க்கா சொன்னா."

"இந்த வயசுல அங்கேருந்து தனியா குடிக்க வந்திருக்காளா? புருஷன் தொரத்திட்டானோ?"

"இவளைப் பாத்தா தொரத்தற ஆளாத்தான்யா தெரியுது. அந்தப் பையைப் பாரு. புருஷனை மடிச்சு உள்ள வெச்சிருப்பா."

விலேம் சிரிப்பில் நுரையைச் சிந்தினார். "மெதுவாப் பேசுய்யா."

"பேசினா என்ன? நீ பேசறது எனக்கே பாதி புரியறதில்ல."

ஹினெக் மேஜையைத் துடைக்க வந்தார். "லூபோஷ், அந்தப் பதினாலைத் திங்கக்கிழமை உன் மருமகனுக்குக் குடுத்துடப் போறேன். ஆறு மாசமாக் கேக்கறான்."

"யாரோமீர் வந்து கேட்டா என்ன சொல்லுவே?"

"அவன் ஸ்டேஷன் பக்கம் புதுசா ஒரு கடைக்குப் போறான்னு நெனைக்கறேன்."

"அவனாவது கடை மாத்தறதாவது! செத்துப் போயிருப்பானோ?" என்றார் விலேம்.

"செத்தா ஒரு அறிவிப்பு வந்திருக்காதா? கதவுல ஒரு தாளாவது ஒட்டியிருப்பாங்க," என்றார் லூபோஷ்.

"ஒட்ட யார் இருக்கா அவனுக்கு?"

"மோதிரம் போட்டிருந்தானே."

"நானும்தான் போட்டிருக்கேன்," என்றார் விலேம். "இதை மாட்டிவிட்டவ ஓடிப்போயி இருவது வருஷம் ஆச்சு."

"வீடு எங்கன்னாவது தெரியுமா?" என்று ஹினெக் கேட்டார்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "டிராம்ல போவான்," என்றார் விலேம்.

"முப்பது வருஷம் ஒரே மேஜை. டிராம்ல போவான்னு மட்டும்தான் தெரியுமா? நல்லாருக்குய்யா உங்க சிநேகிதம்!"

"அவன் வாயைத் தொறந்தாத்தானேய்யா," என்றார் லூபோஷ். "வரும்போது ஒரு வணக்கம், போகும்போது ஒரு வணக்கம். நடுவுல நாலு பியர், ஒரு குறுக்கெழுத்து. ஆனா ஒண்ணு, அவனைப் போல ஒரு பக்கத்து ஆளு கெடைக்காது. நான் பேசினதை எல்லாம் கேட்டான். என் பொண்டாட்டிகூடக் கேட்டதில்ல."

"ஒரு தடவை பேசினானே. வெள்ளம் வந்த வருஷம்."

"ஆமாமா! ஊரே அலறிக்கிட்டுக் கெடக்கு. இவன் பேனாவைக் கீழ வெச்சுட்டு, 'தண்ணி எறங்கிடும்'னான்."

"எறங்கிடுச்சுல்ல!"

மூன்று பேரும் சிரித்தார்கள். லிபுஷே குவளையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ள வருடத்தில், நகரக் குடிநீர் நிலையத்தில் இரண்டு நாள் தொடர்ந்து வேலை பார்த்துவிட்டு வந்த யாரோமீர் அவளிடமும் அதைத்தான் சொன்னார். அதே இரண்டு சொல். அதற்கு முன்னும் பின்னும் சொல்லாத மற்றதெல்லாம் இங்கே சொல்லப்பட்டது என்று அவள் நினைத்திருந்தாள். இங்கேயும் சொல்லவில்லை. வேறெங்கும் அவர் போனதில்லை.

பெரிய மேஜையில் தேனீ நாற்காலி மேல் ஏறிப் பாட ஆரம்பித்தான். லிபுஷே மிச்சத்தைக் குடித்து முடித்தாள். இந்த ஊர்க் கடைகளில் குவளை காலியானால் கேட்காமலே அடுத்தது வந்துவிடும். ஹினெக் கைகொள்ளாத குவளைகளோடு வருவதைப் பார்த்ததும், அவள் எதையும் யோசிக்காமல் குவளைக்கு அடியில் இருந்த வட்ட அட்டையை எடுத்து அதன் வாயை மூடினாள்.

ஹினெக் நின்றார்.

"பதினஞ்சு வருஷமா வெளிநாட்டுக்காரங்களுக்கு ஊத்தறேன்," என்றார் மெதுவாக. "கையை ஆட்டுவாங்க. கும்பிடுவாங்க. சில பேரு வாங்கிக்கிட்டுக் கழிப்பறையில கொட்டுவாங்க. அட்டையால மூடற எஸ்தோனியாக்காரிய இப்பத்தான் பாக்கறேன்." பிறகு அவளிடமே செக் மொழியில் கேட்டார். "போதுமாம்மா?"

"போதும்," என்றாள் லிபுஷே, செக் மொழியில்.

லூபோஷின் கழுத்து சிவந்தது. "அம்மா, அந்தப் பை... நாங்க பாட்டுக்கு வெளையாட்டாப் பேசிட்டோம்..."

"பரவாயில்ல." அவள் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். "யாரோமீர் இறந்துட்டார். பிப்ரவரி ஒம்பதாம் தேதி. நான் அவர் மனைவி."

விலேம் நெற்றியிலிருந்த கண்ணாடியை எடுத்து மேஜையில் வைத்தார்.

"யாராவது வருவீங்கன்னு பாத்துக்கிட்டிருந்தேன்," என்றாள்.

"எங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

"நான்தான் சொல்லலை."

பதில் தெரிந்திருந்தும் கேட்டாள். "இங்க அவர் என்ன பேசுவார்?"

விலேம் தொண்டையைச் செருமினார். "ரொம்பக் கலகலப்பா... வந்து உக்காந்தார்னா..."

"விடுய்யா," என்றார் லூபோஷ். "இந்தம்மா எல்லாத்தையும் கேட்டாச்சு." அவர் அவள் பக்கம் திரும்பினார். "எங்ககிட்ட பேசமாட்டாரும்மா. நாங்க ஒண்ணும் தப்பா எடுத்துக்கல. வீட்ல பொண்டாட்டிகிட்ட வாயாரப் பேசிட்டு வராரு, மிச்சம் இல்லன்னு நெனச்சுக்குவேன். வீட்ல நல்லாப் பேசுவாருல்ல?"

லூபோஷின் பெரிய கை மேஜைமேல் காத்திருந்தது. லிபுஷே அதைப் பார்த்தாள்.

"பேசுவார்," என்றாள். "வீட்டுக்கு வந்தா நிறுத்தவே மாட்டார்."

"பாத்தியா!" லூபோஷ் மேஜையைத் தட்டினார். "நான் சொல்லல? எங்களைப் பத்திச் சொல்லுவாரா?"

"உங்களைப் பத்தித்தான் அதிகம்."

லூபோஷ் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினார்.

ஹினெக் பதினாலாம் குவளையை இறக்கித் தூசி தட்டினார். அதில் பியர் ஊற்றி மேஜை நடுவில் வைத்தார். நாலு பேரும் ஒவ்வொரு வாய் குடித்தார்கள். பிறகு ஹினெக் குவளையைக் கழுவிச் செய்தித்தாளில் சுற்றி அவளிடம் கொடுத்தார்.

வாசலில் ஷார்க்கா சிவப்புக் குடையை விரித்தாள். "நாலாவது கடை! எல்லாரும் எழுந்திரிங்க!"

"லிசா! எஸ்தோனியா!" என்று தேனீ கூப்பிட்டான். தான் வரவில்லை என்று லிபுஷே கையசைத்தாள். அவன் காற்றில் முத்தம் ஒன்றைப் பறக்கவிட்டு வெளியே போனான்.

"சும்மா ஒரு நாள் வாங்கம்மா," என்றார் விலேம். அவளும் வருவதாகச் சொன்னாள். அவள் முகவரியை யாரும் கேட்கவில்லை.

ஏழே காலுக்கு டிராம் வந்தது. வீட்டில் காகிதப் பட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டிக் குப்பையில் போட்டாள். குவளையை அலமாரியின் இரண்டாம் தட்டில் வைத்தாள். திங்கட்கிழமை பதினாலாம் கொக்கி லூபோஷின் மருமகனுக்குக் கொடுக்கப்பட்டது.