துடக்கும் டூடோக்கும்

1.

ஒரு சொல்லைத் தவறாகக் கேட்டதில் பிறந்த கதை இது. ஆனால் அங்கிருந்து தொடங்க வரவில்லை. மீனிலிருந்துதான் வருகிறது.

"இண்டைக்குப் பாரை வந்ததோ?" என்று கேட்டார் செல்வரத்தினம்.

"இல்லை, கெம்போங் மீன் மட்டும்தான்" என்றாள் செல்வநாயகி.

"அப்ப புளியைக் கொஞ்சம் கூட்டிப் போடு" என்றவர், காலில் சப்பாத்து மாட்டக் குனிந்தார். நிமிரவில்லை.

(செல்வநாயகி நான்தான். அவர் என் புருஷன். 'நான்' என்று எழுதினால் மூன்றாம் வரியில் பேனா நின்றுவிடுகிறது. 'அவள்' என்றால் கொஞ்ச தூரம் நடக்கிறது. பெயர்கூட இரவல்தான்.)

2.

மலாய் நாட்டு லூனாஸ் ஊரில் செல்வநாயகியின் பக்கத்து வீடு கேதரினுடையது. அவளுடைய மாதா கோயில் பெண்கள் குழு, பூர்வகுடியினர் நடத்தும் மண்பாண்ட, நடன மையத்தைப் பார்க்க வேன் பிடித்தபோது, செல்வநாயகியையும் அவள் விடவில்லை.

"அங்கை ஆட்டம் எல்லாம் இருக்கும் கேதரின். எனக்கு இன்னும் ஆட்டத்திவசம்* முடியேல்லை."

"உங்க திவசத்துப் பேருலயே ஆட்டம் இருக்கு லா. அப்புறம் என்ன? நீ பானை மட்டும் பாரு, வா."

கரங்கான் ஊரைத் தாண்டியதும் இருபுறமும் பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் காடு— (வேண்டாம். அது காடில்லை, செம்பனைத் தோட்டம். கம்பளம் மாதிரியும் இல்லை.)

* சாவு நடந்து முதல் வருடம் முடியும்போது செய்யும் திவசம். அதுவரை எங்கள் யாழ்ப்பாணத்து வீடுகளில் ஆடல் பாடல் கிடையாது. ('லா' இந்த ஊர்ப் பேச்சில் ஒட்டும் வால்.) கேதரின் சொன்னதற்கு நான் சிரித்துவிட்டேன். கதையில் செல்வநாயகி சிரிக்கலாமா என்று இன்னும் யோசிக்கிறேன்.

3.

ஊர்ப் பெயரைப் போடப்போவதில்லை. மையத்தையும் பாதி நானே கற்பனையில் கட்டியிருக்கிறேன், தேடிப் போகாதீர்கள்.

அங்கே சக்கரம் இல்லை. மண் உருண்டைக்குள் ஒரு வழுவழுப்பான கல்லைப் பிடித்துக்கொண்டு, வெளியே மரப்பலகையால் தட்ட வேண்டும். தட்டத் தட்ட வாய் விரியும். செல்வநாயகி தட்டியது ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"இது என்ன லா, சட்டியா, யானைக் காதா?" என்றாள் கேதரின்.

மண்ணும் மனித வாழ்க்கையைப் போலத்தான்— (அடித்துவிட்டேன். மண் மண்ணாகவே இருக்கட்டும்.)

4.

முற்றத்தில் மூங்கில் குழாய்களைக் கட்டையில் குத்தித் தாளம் எழுப்பினார்கள். ஓலை முடி அணிந்த பெண்கள் வட்டமாக வந்தார்கள். கேதரின் அதற்குள் வட்டத்தில் புகுந்துவிட்டாள். ஈதா என்ற ஆட்டக்காரி, செல்வநாயகியின் மண் காயாத கையைப் பிடித்து இழுத்தாள்.

"மாரி, மாக்சிக்!" வாங்க ஆன்ட்டி.

எழுந்தால் செல்வரத்தினத்தின் வருடம் பாதியில் முறியும். எழாவிட்டால் அன்பாக நீட்டிய கையை உதறியதாகும். தெரிந்த மலாய் முழுவதும் அந்த நேரம் பார்த்து ஓடிப்போனது. "துடக்கு" என்றாள்.

(துடக்கு என்றால் தீட்டு. அது சரியான சொல்கூட இல்லை. சாவுத் துடக்கு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கோடு கழிந்துவிட்டது. மிச்சமிருந்தது வருடம் மட்டும். வாயில் வந்தது அதுதான்.)

"டூடோக்?" ஈதாவின் முகம் மலர்ந்தது. "போலே, போலே!"

மலாயில் டூடோக் என்றால் உட்கார், போலே என்றால் சரி. ஈதா சட்டென்று அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். திரும்பி ஏதோ குரல் கொடுத்தாள். வட்டம் நின்றது, ஒவ்வொருவராக எல்லோரும் தரையில் உட்கார்ந்தார்கள்.

"முட்டி வலிக்குதுன்னு நான் கத்துனப்ப ஒருத்தரும் உட்காரல!" என்றாள் கேதரின்.

ஈதா ஒரு மூங்கிலை நீட்டினாள். செல்வநாயகி கேதரினைப் பார்த்தாள்.

"உட்கார்ந்துகிட்டுத்தானே இருக்க? குத்து லா. உங்க சாமி கேட்டா நான் சாட்சி."

குத்தினாள். தாளம் பிசகியது. ஈதா சிரித்துக்கொண்டே மணிக்கட்டைப் பிடித்துக் காட்டினாள். பிறகு பிசகவில்லை.

தாளம் ஓய்ந்ததும் மலாய் திரும்பி வந்தது. சுவாமி இல்லை என்று சொன்னாள். புருஷனுக்கு மலாயிலும் சுவாமிதான். ஈதா அவள் கையிலிருந்த மூங்கிலை வாங்கிக் கீழே வைத்தாள்.

"எங்க ஊரிலும் சாவு விழுந்தா ஆட்டத்தை நிறுத்திடுவோம்" என்றாள். "அப்புறம் ஒரு நாள் எல்லாரும் கூடி ஆடித் துக்கத்தை முடிப்போம். பறிகொடுத்தவளைத்தான் முதல்ல எழுப்புவோம். உங்க வருஷம் எப்ப முடியுது?"

"தையில."

"தையில வாங்க. நான் எழுப்புறேன்."

5.

முடிவுக்கு மூன்று வரைவு எழுதினேன்.

அன்றே, கடைசிச் சுற்றில், அவள் எழுந்து ஆடினாள். (பொய். கைதட்டலுக்காக எழுதியது.)

வேன் புறப்பட்டது, அவள் திரும்பிப் பார்த்து— (எல்லாக் கதையிலும் திரும்பிப் பார்க்கிறார்கள்.)

தை பிறந்தது. திவசம் முடிந்த மறுநாள் செல்வநாயகி

இதற்கு மேல் எழுத என்னிடம் ஒன்றுமில்லை. இப்போது கார்த்திகைதான் நடக்கிறது. ஈதா எழுப்புவாளா, இவள் எழுவாளா என்பதை என்னைவிட நீங்கள் துணிச்சலாக எழுதலாம். எழுதுங்கள்.

எழுதும்போது கிழமையை மட்டும் பார்த்து வையுங்கள். திவசம் வியாழக்கிழமை வருகிறது. நேற்று மையத்துக்குப் போன் போட்டு, திவசத்துக்கு மறுநாள் திறந்திருக்குமா என்று கேட்டேன்.

வெள்ளிக்கிழமை எப்போதும் போல வார விடுமுறையாம். சனிக்கிழமை காலையிலேயே திறந்துவிடுவார்களாம்.