ஒரு வாளி கிணற்றுத் தண்ணீர்

சாக்கின் வாயை விரித்துப் பிடிக்கச் சொன்னான் றிஸான். முப்லிஹா குந்தியிருந்து இரண்டு கையாலும் பிடித்தாள். கண்ணாடித் தொட்டிக்குள் தோள்வரை கையை விட்டு ஒவ்வொரு பவள முருகைக்கல்லாக எடுத்தான். தண்ணீர் வடியும்வரை தூக்கிப் பிடித்து, பிறகு சாக்குக்குள் மெல்ல வைத்தான். செத்துப்போன தொட்டியின் கல்லுக்கு எதற்கு இவ்வளவு மரியாதை என்று யாரும் கேட்கலாம். முப்லிஹா கேட்கவில்லை. கேட்கிற உரிமையைப் போன கிழமை ஒரு வாளித் தண்ணீரோடு சேர்த்து ஊற்றிவிட்டவள் அவள்.

"கல்லுல இன்னும் உசிர் இரிக்கும்," என்றான் அவன். "கடல்ல கொண்டு போட்டா ஒண்டு ரெண்டு தப்பும்."

அவள் சாக்கின் வாயை இன்னும் விரித்தாள். நாளைக்கு அவன் கொழும்புக்குப் போகிறான். டோஹாவுக்கு விசா வந்துவிட்டது, மெடிக்கல் மட்டும்தான் பாக்கி. போவதற்கு முன் வீட்டைச் சுத்தமாக்கிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தான். 'கொடுத்துவிட்டு' என்றுதான் சொன்னான், இரவல் வாங்கிய பொருளைப் போல.

கிழக்குக் கரையில் பெண்ணைக் கட்டிக் கொடுக்கிறவர்கள் வீட்டையும் சேர்த்தே கட்டிக் கொடுப்பார்கள். மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வந்து குடியேறுவார். காத்தான்குடியில் இது யாருக்கும் புதினமில்லை. முப்லிஹாவின் வீட்டிலும் கட்டில், அலுமாரி, காற்றாடி, குசினியில் தொங்குகிற அகப்பை வரை அவளுடைய வாப்பா வாங்கிப் போட்டவைதான். றிஸான் கல்யாணம் முடித்துச் சில மாதத்தில் டோஹாவுக்குப் போனவன். வேலை செய்த கட்டடம் முடிந்து அவன் திரும்பி வந்தபோது கல்யாணமாகி நாலு வருஷம் ஆகியிருந்தது. அதில் சேர்ந்து இருந்த காலத்தைக் கூட்டினால் ஒரு வருஷம் வராது. வந்த புதிதில் தேத்தண்ணிக்குச் சீனி கேட்பதற்குக்கூட அவன் கூச்சப்பட்டான். சீனி குறைந்தாலும் குடித்துவிட்டு நல்லாயிருக்கு என்பான்.

அப்படிப்பட்ட மனிதன் ஒருநாள் பழைய கண்ணாடிகளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினான். பிரதான வீதியில் ஒரு துணிக்கடையைப் புதிதாக்கியவர்கள் தூக்கிப் போட்ட காட்சிப்பெட்டியின் கண்ணாடிகள். ஓரத்தில் விலைச்சீட்டு ஒட்டிய தழும்புகள்கூடப் போகவில்லை. அவற்றை வெட்டி, அரம் போட்டு, சிலிக்கன் பசை வைத்து ஒட்டி, ஹோலில் ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒரு தொட்டி கட்டினான். உப்புத் தண்ணீர்த் தொட்டி. கடையில் ஆயத்தமாக வாங்கினால் யானை விலை. இவன் குப்பையில் கிடந்ததைக் கொண்டே கட்டினான். பெயின்ற் வாளிக்குள் பஞ்சும் உடைத்த சிப்பியும் போட்டு வடிகட்டி செய்தான். பழைய கொம்பியூட்டரின் காற்றாடியைக் கழற்றி மேலே பூட்டித் தண்ணீரைச் சூடேறாமல் வைத்தான். உப்பின் அளவு பார்க்கப் பேனைக் குழாய்க்குள் மண்ணை அடைத்து மிதக்கவிட்டு, அது நிற்க வேண்டிய இடத்தில் அவளுடைய தையல் பெட்டியிலிருந்து எடுத்த சிவப்பு நூலைக் கட்டினான். அந்த நூலைக் கேட்டு வாங்கவில்லை, தானாகவே எடுத்தான். அன்றைக்கு அவளுக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது உண்மை.

ஆறு என்று ஊரார் சொல்கிற வாவி ஊருக்கு ஒரு பக்கம், கடல் மறுபக்கம். ஆற்றுத் தண்ணீர் மழைக்கு ஒரு குணம், வெயிலுக்கு ஒரு குணம் என்று மாறும் என்பதால் கடலிலிருந்துதான் கேன் கேனாகச் சுமந்தான். கற்கள் கடற்கரையில் இடிந்து கிடந்த பழைய மதிலுடையவை. கல்லையும் தண்ணீரையும் போட்டு, ஓர் இறால் தலையை உள்ளே அழுக விட்டு, வாரக்கணக்காகக் காத்திருந்தான். தண்ணீருக்குள் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் ஊற வேண்டுமாம், அதற்குப் பிறகுதான் மீனாம். பக்கத்து வீட்டாருக்கு நல்ல சிரிப்பு. முப்லிஹாட மாப்பிள்ளை கல்லு வளக்கிறாரு, குட்டி போட்டா நமக்கும் ஒண்டு தரச்சொல்லு என்று மதிலுக்கு மேலால் கேட்டார்கள். கடைசியில் வாழைச்சேனையில் கடலுக்குள் மூழ்கிச் சுழியோடுகிற இஷாம் என்ற சினேகிதன் பொலித்தீன் பைகளில் மீன் கொண்டுவந்தான். செம்மஞ்சள் உடம்பில் வெள்ளைப் பட்டி போட்ட சோடி ஒன்று, மை நீலத்தில் குஞ்சுகள், மீசையை ஆட்டிக்கொண்டே இருக்கும் ஒரு சிவப்பு இறால். சிரித்த பக்கத்து வீட்டார் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பார்க்க வந்தார்கள். றிஸான் அவர்களை "வாங்க, உள்ள வாங்க" என்று கூப்பிட்டான். அந்த வீட்டு வாசலில் அவன் ஒருவரை உள்ளே கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

இதோடு நின்றிருந்தால் கதையில்லை. மாரி தொடங்கிய நேரம் டோஹாவிலிருந்து பழைய மேற்பார்வையாளர் விசா தருவதாகக் கூப்பிட, றிஸான் வரவில்லை என்று சொல்லிவிட்டான். முப்லிஹாவிடம் அவன் சொல்லவுமில்லை. தன் தங்கச்சி வழியாகத்தான் அவளுக்குச் செய்தி வந்தது. தங்கச்சியின் புருஷன் அங்கேதான் வேலை. தங்கச்சியின் வீட்டுக்கு மேல்மாடி எழும்பி வர்ணமும் பூசியாகிவிட்டது. முப்லிஹாவின் வீட்டு மொட்டை மாடியில் கம்பிகள் மட்டும் வானத்தைப் பார்த்தபடி துருப்பிடித்தன. கேட்டபோது றிஸான், பாசிக்குடாப் பக்கம் ஒரு ஹோட்டலுக்கு இப்படித் தொட்டி கட்டிக் கொடுக்கலாம் என்று இஷாம் பேசி வைத்திருக்கிறான், இங்கேயே இருந்து உழைக்கலாம், உன்னோடு இருக்கலாம் என்றான். கடைசியாகச் சொன்னதை அவள் காதில் வாங்கவில்லை. மீனுக்காக விசாவை விட்ட மடையன் என்று ஊர் சொல்லப்போவதுதான் காதுக்குள் இரைந்தது. டோஹாவுக்கே போங்க என்று சொல்லிவிட்டாள்.

அந்தக் கிழமைதான் வெள்ளம். ஆறு பொங்கித் தெருவுக்கு வந்தது. மணல் மூடிய முகத்துவாரத்தை வெட்டி வெள்ளத்தைக் கடலுக்கு விட்டார்கள். தண்ணீர் வடிந்ததும் சுகாதாரப் பரிசோதகர்களான பீ.எச்.ஐ.மார் வீடு வீடாக வந்து கிணறுகளுக்குக் குளோரின் போட்டார்கள். முப்லிஹாவின் கிணற்றுக்கும் போட்டுவிட்டு, நாளைக்குத்தான் அள்ள வேண்டும், மணம் போகும்வரை எதற்கும் பாவிக்க வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டுத்தான் போனார்கள். அதற்கு முன்பே றிஸான் ஹோட்டல்காரரைப் பார்க்க இஷாமோடு புறப்பட்டுப் போயிருந்தான். நண்பகல் ளுஹர் தொழுகைக்குப் பிறகு அவனிடமிருந்து போன் வந்தது. தொட்டியில் அளவுக்குப் போட்ட கோட்டுக்குக் கீழே தண்ணீர் இறங்கியிருக்கும், ஆவியாகிப் போவது தண்ணீர்தான், உப்பு அங்கேயே நிற்கும், அதனால் வழக்கம்போலக் கிணற்றுத் தண்ணீரில் ஒரு வாளி மெல்ல ஊற்றிவிடு என்றான். ஹோட்டல்காரருக்குப் பிடித்துவிட்டது என்றும் சொன்னான். குரல் துள்ளியது. குளோரினைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மறந்துபோய்ச் சொல்லாமல் விட்டதாகப் பின்னால் எத்தனையோ தடவை தனக்குள் சாதித்துப் பார்த்தாள். எடுபடவில்லை. வாளியை மேலே இழுத்ததும் மணம் மூக்கில் அடித்தது. கை நின்றது. மனிதருக்கு நல்லதென்று போடுகிற மருந்து மீனுக்கு என்ன செய்யப்போகிறது என்று ஒரு மனம் சொன்னது. அந்த மனம் பொய் சொல்கிறது என்பது மற்ற மனத்துக்குத் தெரியும். ஊத்தச் சொன்னார், ஊத்துறன் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டாள். வீட்டில் யாருமில்லை, அப்படியிருந்தும் ஏன் வாய்விட்டுச் சொன்னாள்? அவளைக் கண்டதும் தீன் என்று நினைத்து வெள்ளைப்பட்டிச் சோடி கண்ணாடிக்குக் கிட்ட வந்தது. அவள் ஊற்றினாள். அவன் சொன்னபடியே மெல்ல ஊற்றினாள். பின்னேர அஸர் தொழுகைக்குள் எல்லாம் முடிந்தது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பயந்துபோய்க் காற்று மோட்டாரைக் கூட்டி வைத்தாள், பாதித் தண்ணீரை வெளியே அள்ளி ஊற்றினாள், அழுதாள். அந்த அழுகை மெய்தான். ஆனால் வாளியைத் திரும்பக் கிணற்றடியில் கவிழ்த்து வைத்ததும் அதே கைதான்.

றிஸான் வந்து பார்த்தான்.  தொட்டிக்கு முன்னால் நிலத்தில் குந்தி, பிழை என்னுடையது என்றான். இரண்டு நாளைக்கு முன் கடலிலிருந்து மாற்றுத் தண்ணீர் எடுத்து வந்து ஊற்றியிருந்தான். முகத்துவாரம் வெட்டிய பிறகு கடலுக்குள் ஆற்றுச் சேறும் வயல் வட்டைகளுக்கு அடித்த மருந்தும் வந்து கலக்கும், எடுக்கக் கூடாது, தண்ணீர் தெளிவாகத் தெரிகிறதென்று ஏமாந்துவிட்டேன் என்றான். ஒரு தொட்டியைக் காப்பாற்றத் தெரியாதவன் ஹோட்டலுக்கு என்ன கட்டிக் கொடுக்கப்போகிறான் என்றும் சொன்னான். அடுத்த நாள் இஷாமைக் கூப்பிட்டு வேலை வேண்டாம் என்றான். பிறகு டோஹாவுக்குப் போன் எடுத்தான். கடைசியில் குசினிக்குள் வந்து, அவளிடம், "நீ சொன்னதுதான் புள்ள சரி," என்றான்.

தங்கச்சிக்குச் சந்தோஷப் புழுகம் தாங்கவில்லை. பழம் நழுவிப் பாலில் விழுந்திருக்கு ராத்தா என்றாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். முப்லிஹாவுக்கு அது தொழுகையில்தான் வந்தது.  தொழுகைக்கு நிற்கும்போது நிய்யத் வைக்க வேண்டும். என்ன எண்ணத்தில் ஒரு காரியத்தைச் செய்கிறோமோ அதுதான் அல்லாஹ்விடம் கணக்கு. ஒவ்வொரு தடவை கையைக் கட்டும்போதும் வாளியை ஊற்றின நிய்யத் என்னவென்ற கேள்வி வந்து முன்னால் நிற்கும். கொல்ல நினைக்கவில்லை என்று சொல்லலாம். சாகாது என்று நினைத்தாயா என்று கேட்டால் ஆமென்று சொல்ல முடியாது. அவன் போகட்டும் என்று விரும்பியவள் அவள்தான். இப்போது அவன் போகிறான், தன் கை எதற்கும் உதவாது என்று நம்பிக்கொண்டு போகிறான். அதுதான் அவளால் தாங்க முடியாமல் இருந்தது.

சாக்கை மோட்டார் சைக்கிளின் முன்னால் வைத்துக் கட்டினான். நானும் வாறன் என்று அவள் பின்னால் ஏறிக்கொண்டாள். அவனுக்கு ஆச்சரியம்தான். மோட்டார் சைக்கிளை எடுத்தான்.

கடற்கரையில் சனமில்லை. வெள்ளத்தின் கலங்கல் இன்னும் தெளியாமல் கரையோரம் தேத்தண்ணி நிறத்தில் கிடந்தது. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்காலளவு தண்ணீரில் இறங்கிய றிஸான், திரும்பி, ஒவ்வொரு கல்லாக எடுத்துத் தரச் சொன்னான். அவள் எடுத்துக் கொடுத்தாள். ஒவ்வொன்றையும் வாங்கி, குனிந்து, அலைக்குள் வைத்தான். இந்த வருஷம் சரிவரவில்லை, அடுத்த முறை லீவில் வரும்போது பார்க்கலாம் என்று சிரிக்கப் பார்த்தான். பிறகு, இல்ல, இனி இது வேணாம், எனக்குக் கைராசி இல்ல என்றான்.

முப்லிஹா கையிலிருந்த கல்லைக் கொடுக்கவில்லை.

"மச்சான், கடல் தண்ணியில பிழையில்ல," என்றாள். "அண்டைக்குக் காலத்தால கிணத்துக்குக் குளோரின் போட்டாங்க. நீங்க போன் எடுக்கக்குள்ள எனக்குத் தெரியும். தெரிஞ்சிதான் ஊத்தினன்."

அலை ஒன்று வந்து அவன் மடித்த சாரத்தை நனைத்துவிட்டுப் போனது. அவன் முகத்தைப் பார்க்கக் கூடாதென்று நினைத்தும் பார்த்தாள். கோபம் வரும், அறையக்கூடச் செய்யலாம், அதைத் தாங்கிக்கொள்ளலாம் என்று வழியெல்லாம் மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு வந்திருந்தாள். அவன் முகத்தில் கோபமில்லை. ஒன்றைச் சரியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்ற கவனம் மட்டும் இருந்தது.

"மணத்திச்சா?" என்றான்.

இல்லையென்று ஒரு சொல் சொல்லிவிட்டால் போதும். பாதிப் பாவம் கழிந்துவிடும், அறியாமல் செய்தவளாகிவிடலாம். வாசலைத் திறந்து காட்டிவிட்டுத்தான் அவன் கேட்டான் என்றும் அவளுக்குத் தோன்றியது.

"மணத்திச்சி," என்றாள்.

அவன் கையை நீட்டி அவளிடமிருந்த கல்லை வாங்கி, மற்றவற்றை வைத்தது போலவே அதையும் குனிந்து வைத்தான். மிச்சம் இருந்தவற்றையும் கேட்டு வாங்கி வைத்தான். சாக்கை அலையில் அலசிப் பிழிந்தான். போவம் என்றான். அவ்வளவுதான்.  திரும்பி வரும் வழியில் அவன் முதுகுக்குப் பின்னால் இருந்துகொண்டு, நாளைக்குப் போவாரா மாட்டாரா என்று அவள் யோசிக்கவேயில்லை. இத்தனை நாளும் அந்த ஒன்றையே யோசித்தவளுக்கு, இப்போது அது யாரோ ஒருவருடைய வீட்டுக் கதையாகத் தெரிந்தது.

வழக்கமாக அவன் மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு பக்கத்து ஒழுங்கையால் போய்க் குசினிக் கதவால்தான் வீட்டுக்குள் வருவான். இன்று படலைக்கு வெளியே தெருவோரம் நிறுத்தினான். அவள் முன்கதவைத் திறந்துகொண்டு உள்ளே போய், வெளிச்சத்தைப் போட்டுவிட்டுத் திரும்பினாள். அவன் படியடியில் செருப்பைக் கழற்றி, இரண்டையும் சோடியாக ஓரத்தில் வைத்துக்கொண்டிருந்தான். பிறகு நிமிர்ந்து, வாசலுக்கு வெளியே நின்றபடி, "அஸ்ஸலாமு அலைக்கும்," என்றான்.

பதில் ஸலாம் சொல்வது கடமை. அது அவள் வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. அதற்கு மேல் சொல்ல வேண்டிய 'வாங்க' என்ற ஒற்றைச் சொல், வீட்டுக்காரி விருந்தாளிக்குச் சொல்கிற சொல், அவள் நாக்கில் எழும்பவில்லை. கதவைப் பிடித்தபடி அவள் நின்றாள். தோளில் போட்ட ஈரச் சாக்கு படியில் சொட்டுச் சொட்டாக வடிய, காலில் ஒட்டிய கடல் மணலோடு, அவன் காத்துக்கொண்டு நின்றான்.