மூளியாய் நின்ற கருவி

சொந்த ஊரான நெற்குப்பையில் பூஜை விடுமுறையைக் கழித்துவிட்டு வந்த ராஜப்ரியா, தோள் பையைக்கூட இறக்காமல் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்றாள். உள்ளே அவள் கருவியில் நான் வைத்த சந்தனப் பொட்டு காய்ந்து வெடித்திருந்தது.

காரைக்குடிக்கு வெளியே ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் பெருக்கித் துடைப்பது என் வேலை. நிலாவுக்கு அனுப்பும் கருவியில் அங்குள்ள தூசி படிந்தால் என்னவாகும் என்பது அவள் ஆராய்ச்சி. நிலாத் தூசிக்கு எங்கே போவது? அங்குள்ளது மாதிரிக் கல்லை நான்தான் அரைத்துச் சலித்துக் கொடுத்தேன். கருவியின் சூட்டை வெளியே தள்ளும் பளபளப்பான தகட்டில் அதைத் தூவி, விளக்கைப் போட்டு, ஊருக்குப் போகும்வரை இருபது நாள் சூடு ஏறுவதைக் குறித்து வைத்திருந்தாள். இன்னும் ஆறு நாளில் பெங்களூரில் விண்வெளிக்காரர்களிடம் காட்ட வேண்டும். 'யாரும் தொடாதீர்கள்' என்று ஒட்டியிருந்ததை நானும் எழுத்துக்கூட்டிப் படித்தவள்தான்.

ஆனால் ஆயுத பூஜைக்கு மோட்டார், தராசு, கதவுப் பூட்டு வரைக்கும் துடைத்துப் பொட்டு வைத்தபிறகு, அந்தப் பிள்ளையின் கருவி மட்டும் அழுக்கு அப்பி மூளியாக நிற்பது எனக்குப் பொறுக்கவில்லை. மறந்துபோய்ச் செய்தேன் என்றால் பொய். திரும்பத் தூவிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

"எதாலக்கா தொடச்சீக?"

"என் முந்தானைதான் தாயி. பழசு, மெத்துனு இருக்கும்."

பொட்டைக் கழுவி, தகட்டை உருப்பெருக்கிக்கு அடியில் வைத்தாள். "இங்குட்டு வாங்க."

குனிந்தேன். என் கை போன வழியெல்லாம் வளைவு வளைவாகக் கீறல்.

"நிலாவுல காத்து இல்ல, தண்ணி இல்ல. பொடி தேய வழியே இல்லக்கா. நீங்க அரச்ச பொடியும் அப்படித்தான், ஒவ்வொண்ணும் கண்ணாடிச் சில்லு. என் இருபது நாளுக்கும் சேத்துச் சூடம் காட்டிட்டீக."

அவள் தகட்டைப் பொருத்தி விளக்கைப் போட்டாள். அரைமணி நேரம் இருவரும் எண்களையே பார்த்திருந்தோம். தூசி போயும், சூடு முதல் நாள் அளவுக்கு இறங்கவில்லை. நோட்டைத் திறந்தாள்.

"எத்தன தடவ தொடச்சீக?"

"மூணு."

"அழுத்தியா?"

"சந்தனம் ஒட்டணும்ல."

அதையும் எழுதிக்கொண்டாள். "தூசியத் தொடச்சாலும் தகடு கெடும்னு இதையும் காட்டலாம்க்கா."

"பெங்களூருல இத ஒத்துக்குவாகளா?"

"தெரியலக்கா. நம்பாட்டி ஒங்களத்தான் முந்தானையோட கூட்டிட்டுப் போகணும்."

உறையைப் பிரித்துப் புதுத் தகடு ஒன்றை வைத்தாள். சல்லடையை என்னிடம் நீட்டினாள்.

"திரும்பவும் நானா தாயி?"

"நீங்கதான அரச்சீக. சலிங்க."

மின்விசிறியை நிறுத்தினாள். மூச்சை அடக்கிக்கொண்டு சல்லடையைத் தட்டினேன். தகட்டில் எங்கள் இரண்டு முகங்களும் தெரிந்தன. பொடி இறங்க இறங்க முதலில் என் முகம் மங்கியது, அப்புறம் அவளுடையது.