இறக்கச் சொல்லாத கை

ஹெலன் சிஸ்டர் உடம்பு துடைத்துவிடும்போது செத்தவர்கள் தாங்களாகவே கையைத் தூக்குவார்கள். ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவே, நெடுஞ்சாலையோர மிஷன் ஆஸ்பத்திரியில், தீராத நோயாளிகளின் வார்டில் இது பல வருடங்களாக நடக்கிறது. நம்பாதவர்கள் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். பார்வையாளர் நேரம் மாலையில்தான், வாட்ச்மேன் ரொம்பக் கறார்.

காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. நினைவில்லாத நோயாளியானாலும் சொல்லாமல் தொடுவதில்லை என்பது சிஸ்டரின் வழக்கம். துணியைப் பிழிந்துகொண்டே, "மொகத்த தொடைக்கிறேன், தண்ணி வெதுவெதுப்பாத்தான் இருக்கு" என்பார். பதில் வருகிற அளவுக்கு நேரம் கொடுத்துத்தான் தொடுவார். உயிர் போன பிறகும் அந்த வாய் ஓயாது. மாதனூர் ஏசுராஜ், ஷூ கம்பெனியில் ஆயுசு முழுக்க நின்றுகொண்டே வேலை பார்த்தவர், இறந்த அன்று, "அண்ணே, கைய கொஞ்சம் தூக்குங்க, அக்குள் தொடைக்கணும்" என்றார் சிஸ்டர். ஏசுராஜ் தூக்கினார். இறக்கச் சொன்னதும் இறக்கினார். கூட நின்ற வார்டு உதவியாள் அக்சா அன்று சாப்பிடவே இல்லை. அடுத்தவர் தூக்கியபோது ஜெபம் செய்தாள். அதற்கடுத்தவர் தானாகவே புரண்டும் கொடுத்தபோது, இப்போதெல்லாம் இடுப்புவலி கம்மி என்று வீட்டில் சொன்னாள். முகத்தை மூடும்வரைதான் இதெல்லாம். மூடிவிட்டால் பிணம் பிணம்தான்.

ஜனங்கள் சும்மா இருப்பார்களா? செத்தவர் கை தூக்குகிறார் என்பதைத் தலைகீழாக்கி, சிஸ்டர் தூக்கச் சொன்னால் ஆள் போய்விடுவார் என்று கிளப்பிவிட்டார்கள். எப்படி என்று கேட்டால் ஒருத்தருக்கும் பதில் தெரியாது.

ஆட்டுத்தோல் விலை இறங்கிய வருடத்தில் வாணியம்பாடி முக்தார் அகமது அங்கே வந்து படுத்தார். விரலால் தடவியே தோலைத் தரம் பிரிக்கிறவர். மூளையில் ரத்தம் கசிந்து, கண் திறக்காமல் கிடந்தார். இனி நோகாமல் பார்த்துக்கொள்வது மட்டும்தான் என்று டாக்டர் ரெனால்ட் சொல்லிவிட்டார். மனைவி அஃப்ஸர் ஜஹானுக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது: சவூதியில் தமாமில் இருக்கும் ஒரே மகள் புஷ்ரா வந்து சேரும்வரை அவர் உயிரோடு இருக்க வேண்டும். வந்த அன்றே சிஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னா வேணா பண்ணுங்க சிஸ்டர். கைய மட்டும் தூக்கச் சொல்லாதீங்க. எம்பொண்ணு வரட்டும்."

"நான் சொல்றதால யாரும் போறதில்லம்மா."

"தெரியும். இருந்தாலும் சொல்லாதீங்க."

சிஸ்டருக்குத் தர்மசங்கடமாகப் போயிற்று. முக்தார் பாயின் உடம்பைத் துடைத்தார், வாயை நனைத்தார், புண் வராமல் புரட்டிப் படுக்கவைத்தார், எல்லாவற்றையும் சொல்லிச் சொல்லியே. அஃப்ஸர் ஜஹானும் கூடவே இருந்து பழகி அதே மாதிரி சொல்லத் தொடங்கினார். விலாவோடு விறைத்து ஒட்டிக்கிடந்த வலது கையை மட்டும் விட்டுவைத்தார்கள். சொல்லாமல் தூக்கச் சிஸ்டருக்கு மனம் வரவில்லை. சொல்லவிட மனைவிக்கு மனம் வரவில்லை. எட்டிய மட்டும் மருந்துப் பொடி தூவியும் அக்குளில் தோல் வெந்து நீர் கசிந்தது. உப்புப் போடாத தோல் எப்படி நாறும் என்று தோல் பதனிட்டே பிழைக்கிற அந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒருவழியாகப் புஷ்ரா விமானம் ஏறிவிட்டதாகப் போன் வந்தது. மறுநாள் காலை சென்னையில் இறங்கி நேராகக் காரில் வருகிறாள். அந்தக் காலையில் அஃப்ஸர் ஜஹான் தானே வெந்நீர் பிடித்து வந்தார். விடியலிலிருந்து கணவரின் விரல்கள் சில்லிட்டுக் கிடந்ததை அவர் யாரிடமும் சொல்லவில்லை. "பொண்ணு வந்து கட்டிப் புடிப்பா. வாடை அடிக்கக் கூடாது சிஸ்டர். நீங்க சொல்ல வேணாம், நானே சொல்றேன்" என்றார். காதோரம் குனிந்து, வீட்டில் பேசுகிற உருதுவில், கையைத் தூக்கச் சொன்னார்.

அத்தனை நாள் அசையாத வலது கை மெல்ல எழுந்து கூரையைப் பார்த்து நின்றது. சிஸ்டரின் துணியிலிருந்து தண்ணீர் சொட்டியது. அஃப்ஸர் ஜஹானின் முகம் கோணிக்கொண்டது. வாய் மட்டும், "நிக்காதீங்க சிஸ்டர், தண்ணி ஆறிடும்" என்றது. இருவரும் அழுதுகொண்டே அந்த இடத்தைச் சுத்தமாகத் துடைத்தார்கள்.

கையை இறக்க அஃப்ஸர் ஜஹான் சொல்லவில்லை. சிஸ்டரையும் சொல்லவிடவில்லை. டாக்டர் ரெனால்ட் வந்து, தூக்கிய கைக்குக் கீழே குனிந்து நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்து, இறந்ததை எழுதிவிட்டுப் போனார். சாப்பாட்டு வண்டி வந்து போயிற்று. கை நின்றது. காற்று பட்டுக் கை குளிருமே என்று பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி ஃபேனைக் குறைத்துவைத்தார்.

மதியம் புஷ்ரா ஓடிவந்தாள். தன்னைக் கூப்பிடத்தான் கை தூக்கியிருக்கிறார் என்று நினைத்து அப்படியே அப்பாவின் நெஞ்சில் முகத்தைப் பதித்தாள்.

"முழிச்சிருக்காராம்மா?"

"இல்லடி. ஒனக்காவ கைய மட்டும் நிறுத்தி வெச்சிருக்கேன்."

மகள் அழுது முடிக்கும்வரை பொறுத்திருந்து, அஃப்ஸர் ஜஹான் கணவரிடம் கையை இறக்கச் சொன்னார். கை மெதுவாக இறங்கி மகளின் தலைமேல் வந்து படிந்தது. விரல்கள், தரம் பார்க்கிற மாதிரி, முடியை ஒருமுறை தடவி நின்றன. ஹெலன் சிஸ்டர் ஆறிப்போன தண்ணீரை ஓரமாக வைத்துவிட்டு, "மொகத்த மூடப் போறேன் பாய்" என்றார், வழக்கம்போல் சற்று நேரம் காத்திருந்தார், பிறகு மூடினார்.