புளுகுச் சிலுவை

அன்று விடியலில் நிலக்கரி யார்டில் இருந்தவர்கள்: சிலுவை, வேல்ராஜ், இசக்கிச்செல்வி, கரிமேட்டில் இன்னும் சிலர், ஷெட்டுக்குள் காண்டிராக்டர் செந்தூர்வேல். இசக்கிச்செல்வியின் புருஷன் இசக்கிராஜா இல்லை. கிரேன் ரோப்பு அறுந்து கரிவாளி மேலே விழுந்து அவன் செத்து ஒரு வருஷமாகிவிட்டது.

லாரித் தொட்டியில் அப்பியிருந்த கரியைச் சிலுவை சுரண்டினான். தூள் பல்லில் நறநறத்தது. கண் மட்டும் மற்றவர்களையே சுற்றியது.

“ரோப்பு நைஞ்சிருக்குன்னு முந்தின நாளே சொன்னேன். ‘கப்பல் நிக்குது, ஓட்டுங்கலே’ன்னாரு அண்ணாச்சி.” நேற்று கோர்ட்டில் கூண்டேறி அவன் சொன்னது அவ்வளவுதான். செந்தூர்வேல்மேல் இருந்த கேஸுக்கு வேறு பிடிமானம் கிடையாது. எதிர்த்தரப்பு வக்கீல் ரோப்பைப் பற்றி வாயே திறக்கவில்லை. “யார்டில் உம்மை என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள்?” என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார்.

புளுகுச் சிலுவை. சங்கு குளித்த காலத்தில் நாவப்பழம் பெரிசுக்கு முத்தெடுத்ததாக அவன் அளந்த கதைக்குக் கிடைத்த பட்டம்.

“வக்கீல்ட்ட எவம்லே சொன்னது?” என்றான் சிலுவை.

வேல்ராஜ் நிமிரவில்லை. சந்தேகம் அவன்மேல்தான். ரோப்பு பேச்சு நடந்தபோது பக்கத்தில் நின்றவன். ஆனால் அப்போது டீ குடிக்கப் போயிருந்ததாகப் போலீஸிடம் சொன்னவன்.

இசக்கிச்செல்வி கூடையை இறக்கினாள். “எவன் சொல்லணும்? ரோட்டுல போற லாரிக்காரனுக்கும் கேக்க மாதிரி நாமதான நித்தம் ‘புளுகா’ன்னு கூப்பாடு போட்டோம். நானுந்தான்.”

செந்தூர்வேல் ஷெட்டை விட்டு வந்தார். “கூட வேலை பாக்குத ஒருத்தன் கூண்டேறி, ‘இவன் பேச்ச நம்ப முடியாது’ன்னு சொன்னாப் போதும். சட்டத்துல எடம் இருக்கு. எவம்லே வாரான்?”

“நான் வாரேன் அண்ணாச்சி,” என்றான் வேல்ராஜ்.

சிலுவையின் கை மண்வெட்டியில் இறுகியது.

“வெவரமாச் சொல்லணும்லே,” என்றார் செந்தூர்வேல்.

“சொல்லுதேன். முத்து விஷயத்துல புளுகன்தான். நாவப்பழம்னான், இப்ப எலுமிச்சங்காய் ஆயிட்டு.”

செந்தூர்வேல் சிரித்தார்.

“ரோப்பு விஷயத்துல புளுகல. நானும் கேட்டேன். டீ குடிக்கப் போனேன்னு போலீஸ்ல சொன்னேம்லா, அதுதான் புளுகு. அதையும் சேத்தே சொல்லுதேன்.”

“அப்ப நீயும் புளுகன்னு ஆயிரும்லே.”

“ஆகட்டும்.”

“அன்னைக்கு நானும் அங்கனதான் நின்னேன்,” என்று கரிமேட்டிலிருந்து ஒரு குரல் வந்தது. பிறகு இன்னொன்று.

“எத்தன பேரத்தான் புளுகன்னு சொல்லுவாரு ஒங்க வக்கீலு?” என்றாள் இசக்கிச்செல்வி.

“ஒருத்தருக்கும் வேலை கெடையாது. வெளிய போங்க.”

மண்வெட்டிகள் கரிமேல் விழுந்தன. மொத்தப் பேரும் ரோட்டுக்கு வந்தார்கள். சிலுவைக்கு வேல்ராஜ்மேல் இன்னும் நம்பிக்கை வரவில்லை.

“கோர்ட்லயும் இதயேதான சொல்லுவ?”

“ஒன்ன மாதிரியா நான்? பேசாம வாலே, புளுகா.”

பின்னால் செந்தூர்வேல் கேட்டை இழுத்துச் சாத்திப் பூட்டினார்.