முதல் குடுவை

எங்கள் முற்றத்தில் பிட்டோ என்கிற சோளக்கள் காய்ச்சும் நாளில் எல்லாமே பாதிக் கனவில் நடப்பது போலிருக்கும். முளைகட்டிய சோளத்தின் ஆவி வீட்டை மெத்தென்று மூடிவிடும்; ஆடுகள்கூட மெதுவாக நடக்கும். காய்ச்சுவது என் ஓரகத்தி பெர்பெத்துவா. போன பானையின் நுரை காய்ந்து ஒட்டிய கயிற்றை, கள் புளிப்பதற்காகப் புதுப் பானைக்குள் இறக்கிவிட்டு, அந்தக் கள்ளைத் தாலாட்டித் தூங்கவைப்பாள். எனக்குச் சிரிப்பு வரும்.

பானை தூக்கி இடுப்பு பிடித்துக்கொண்டால் அவளுக்கு ஒரே வைத்தியம்தான். லாரி நிலையத்தில் தலையில் தட்டு சுமந்து விற்கிறவனிடம் வாங்கும் சிவப்பும் மஞ்சளுமான மாத்திரை. தலைவலிக்கும் அதுவே, அலுப்புக்கும் அதுவே. அந்த மழைக்காலம் முழுக்கக் கடலை கொறிப்பது போல் விழுங்கினாள்.

பிறகு அவள் நாக்கில் வெள்ளை படர்ந்தது. வயிறு உப்பியது, தொண்டை எரிந்தது. கூரையைப் பார்த்துப் படுத்தபடி, தனக்குள் ஒரு பானை பொங்குவதாகவும் அதை மூட ஆளில்லை என்றும் முனகினாள். கேட்க எனக்குப் பயமாக இருந்தது. ஏனோ அழகாகவும் இருந்தது.

நர்ஸ் அவள் வாயைப் பார்த்ததுமே திட்டத் தொடங்கினாள். உடம்புக்குள் நல்ல கிருமிகளும் குடியிருக்கின்றனவாம். ஒரு வகை ஈஸ்டும் கொஞ்சம் உண்டாம். மாத்திரை நல்லவற்றைக் கொன்றுவிட்டதால் ஈஸ்டைக் கேட்பாரில்லாமல் போயிற்று. வாயில் விட மருந்து கொடுத்து, புண் ஆறும்வரை பிட்டோவைத் தொடக்கூடாது என்றாள்.

அதனால் ஞாயிற்றுக்கிழமைப் பானையை நான் காய்ச்சினேன். தேவாலயத்தில் பூசை முடிந்து எல்லோரும் வந்து உட்கார்ந்தார்கள். விஷமில்லை என்று காட்ட, காய்ச்சியவள்தான் முதல் குடுவையைக் குடிக்க வேண்டும். குடித்தேன். ஒருவரும் கை நீட்டவில்லை.

"மூத்தவ வாய் வெந்து கெடக்கா. எளையவ பானை வச்சிருக்கா" என்றார் தச்சர் போனவெந்தூரா, என்னைப் பார்க்காமல் முற்றத்து மரத்தைப் பார்த்து.

விஷக்காரி என்று ஒருமுறை பெயர் விழுந்துவிட்டால் என் கையால் தண்ணீர்கூட யாரும் வாங்க மாட்டார்கள். என் பிள்ளைகள் கையாலும்தான்.

ஆவிக்குள்ளிருந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, பெர்பெத்துவா வந்தாள். என் கையிலிருந்த குடுவையை வாங்கினாள்.

"ஊத்துடி."

"வேணாங்க்கா, நர்ஸு..."

"ஊத்து."

ஒரு மிடறு விழுங்கினாள். கண்ணிலிருந்து நீர் கொட்டியது. துப்பிவிட்டாள் என்று யாரும் சொல்லிவிடக்கூடாதே என்று இன்னொரு மிடறும் விழுங்கி, வாயைத் திறந்து தச்சரிடம் காட்டினாள்.

"புளிப்பு பத்தல. இவளுக்கு இன்னும் கைப்பக்குவம் வரல. விஷம் வைக்கிற சாமர்த்தியம் இவளுக்கு ஏதுய்யா?"

எல்லோரும் சிரித்தார்கள். தச்சர்தான் முதலில் குடுவையை நீட்டினார். நான் ஊற்றிக்கொண்டே திரும்பிப் பார்த்தேன். அக்கா உள்ளே போய், சத்தம் வெளியே கேட்காமல், சுவரில் முகத்தை அழுத்திக்கொண்டு வலியில் அழுதுகொண்டிருந்தாள்.