பாலத்தில் நான் சொன்ன நான்கு சொற்கள்

1

இந்தக் கதை என் பயத்தில் பிறந்தது. இரண்டாயிரமாம் ஆண்டு ஜூன் மாதம், இலங்கையில் போர் நடந்த காலம், கண்டியை அடுத்த கட்டுகஸ்தோட்டைப் பாலத்து இராணுவச் சோதனைச் சாவடியில் நான்கு சிங்களச் சொற்கள் பேசினேன். அவற்றை எழுதத்தான் உட்காருகிறேன். ஒவ்வொரு தடவையும் வேறெதையோ எழுதிவிட்டு எழுந்துவிடுகிறேன்.

முதல் தொடக்கம் இது: மகாவலி அன்று கலங்கலாக...

(ஆற்றை ஏன் இழுக்கிறேன்? ஆறு ஒன்றும் செய்யவில்லை.)

2

என் பெயர் லெட்சுமணன். அப்போது மடுல்கெல்லவில் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூட ஆசிரியன். தொழிலாளர் குடியிருந்த லயங்களில் வயிற்றோட்டம் பரவி இரண்டு குழந்தைகள் இறந்திருந்தன. கண்டிப் பக்கத்து ஆய்வுகூடம் ஒன்றிலிருந்து சிவமணி மல மாதிரி எடுக்க வந்தார். யாழ்ப்பாணத்துப் பெண், குடல் கிருமிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்பவர். வீடு வீடாக நான்தான் கூட்டிப் போனேன்.

ஒரு வீட்டில் பாப்பம்மா என்பவளின் மகள் கண் திறக்கவில்லை. "மூணு நாளா காச்சலுங்க. வயித்தால போய்க்கிட்டே இருக்கு. எந்த மருந்தும் கேக்கல" என்றாள் பாப்பம்மா.

சிவமணி குப்பிகளை ஐஸ் போட்ட ரெஜிபோம் நுரைப் பெட்டியில் அடுக்கினார். எந்த மருந்துக்கு அடங்கும் என்று ஒரு கிழமைக்குள் சொல்வதாகப் பாப்பம்மாவிடம் சொன்னார். அவருக்குச் சிங்களம் வராது, எனக்கு வரும். துணைக்கு நானும் கண்டி பஸ் ஏறினேன்.

3

(இந்தப் பகுதியை வெட்டிவிடலாம் என்று நண்பர் ஒருவர் சொன்னார். வெட்ட மனமில்லை. சிவமணி சிரித்துப் பேசி நான் பார்த்தது இவ்வளவுதான்.)

பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு விளக்கினார். கிருமியின் டீ.என்.ஏ.யில் சில இடங்களில் மெதைல் என்ற சின்ன அடையாளம் ஒட்டிக்கொள்கிறது.

"எழுத்து மாறுறேல்லை மாஸ்டர். மேலை புள்ளி வைக்கிற மாதிரி. அந்தப் புள்ளியை வைக்க விடாட்டில் கிருமி உயிரோடைதான் இருக்கும், ஆனா குடலைத் தாக்கிற வலு போயிடும். எலியளிலை பாத்திருக்கினம்."

நம் தோட்டத்துக் கிருமியிலும் அப்படித்தானா என்று பார்க்க வேண்டும், சரிவந்தால் ஒருநாள் தடுப்பு மருந்தே செய்யலாம் என்றார்.

4

பாலத்தடியில் சிப்பாய்கள் பஸ்ஸிலிருந்து எல்லோரையும் இறக்கினார்கள். சிவமணியின் அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். சிப்பாய் பெட்டியைக் காட்டி என்ன என்று கேட்டான்.

"மாஸ்டர், நோய்க்கிருமி, ஆராய்ச்சிக்குக் கொண்டு போறன் எண்டு சொல்லுங்கோ."

கிருமிக்குச் சிங்களத்தில் 'விஷபீஜ'. முன்பாதியே விஷம். யாழ்ப்பாணத்துப் பெண், ஒரு பெட்டி, பாலம், என் வாயிலிருந்து அந்தச் சொல். என் நாக்கு...

சிப்பாய் என் பக்கம் திரும்பி, நீ இவளோடு வந்தவனா என்றான்.

"மங் மெயாவ தன்னே நே."

எனக்கு இவரைத் தெரியாது.

சிவமணிக்கு அது புரியவில்லை. நான் மொழிபெயர்த்துவிட்டேன் என்று நினைத்து, ஆமாம் என்பதுபோல் சிப்பாயைப் பார்த்துத் தலையாட்டினார்.

அவன் மூடியைத் திறந்தான். ஒரு குப்பி உடைந்து கசிந்திருந்தது. அவன் விரல் அதில் படுமுன் சிவமணி அவன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். "தொடாதேங்கோ, கிருமி, வருத்தம் வரும்" என்றார்.

இரண்டு துப்பாக்கிகள் அவர் பக்கம் திரும்பின. மற்றவர்களை பஸ்ஸில் ஏறச் சொன்னார்கள். ஏறினேன்.

5

இந்தக் கதையை மூன்றாவது தடவை எழுதியபோது பாப்பம்மாவின் மகளைச் சாகடித்திருந்தேன். என் குற்றத்துக்கு அது பொருத்தமாக இருந்தது. உண்மையில் ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றிப் பிழைத்துக்கொண்டாள். என்ன கிருமி என்று யாருக்கும் தெரியாது. பெட்டி திரும்பி வரவில்லை.

பத்தொன்பது நாட்கள் பள்ளிக்கூட வாசலில் இராணுவ ஜீப் சத்தத்துக்குக் காத்திருந்தேன். ஜீப் வரவில்லை. சிவமணி என் பெயரைச் சொல்லியிருக்கவில்லை. இருபதாம் நாள் அவருடைய பேராசிரியர் கடிதங்களோடு போய்க் காவலிலிருந்து மீட்டு வந்ததாகக் கேள்விப்பட்டேன்.

6

மூன்று மாதம் கழித்து மறுபடி மாதிரி எடுக்க வந்தார். பள்ளிக்கூடத்தில் எனக்கு எதிர்க் கதிரையில் உட்கார்ந்தார். இடது கையை மேசைக்கு மேல் எடுக்கவே இல்லை.

"அண்டைக்கு நீங்கள் சரியாத்தானே சொன்னனீங்கள், மாஸ்டர்? அவங்களுக்குத்தான் விளங்கேல்லை, என்ன?"

இந்தக் கதையின் ஒரு படியில் "ஆமாங்க மிஸ்" என்கிறேன். இன்னொன்றில் அந்த நான்கு சொற்களையும் தமிழில் சொல்கிறேன். இரண்டில் ஒன்றுதான் நடந்தது. எது என்று எழுத இன்றைக்கும் பயமாக இருக்கிறது.

என் கதிரையில் நீங்கள் உட்காருங்கள். அவர் உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.